ஒரு டீயும் ஒரு பன்னும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரித்துச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நோயாளியின் பக்கத்திலேயே இருந்து கவனிப்பவர் என்பவை அந்த நான்கு. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது முதல் மூன்றும் எனக்கு எளிதாகப் புரிந்தன. நான்காவது ஆளுக்கு அப்படி என்ன பெரிய வேலை இருந்துவிடப் போகிறது என்று எண்ணியதுண்டு. சென்ற ஆண்டு என் தந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, அந்த நான்காவது ஆளாக நின்றவள் நான்தான். நின்ற பிறகுதான் அந்த வேலையின் கனம் தெரிந்தது. அதையே இங்கு எழுதத் துணிகிறேன்.

எங்கள் வீடு மாத்தூரில் இருக்கிறது. இரவில் மாடியில் நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து தெரியும். பகலில் சாலை முழுவதும் கன்டெய்னர் லாரிகள். அந்த லாரிகளை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்பா ஒரு கன்டெய்னர் யார்டில் மூட்டை தூக்குபவர். இருபத்தைந்து வருடம் தூக்கியிருக்கிறார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. கல்லூரியில் சேர விண்ணப்பம் எழுதியபோது 'குடும்பத்தில் முதல் பட்டதாரியா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லின் மறுபக்கம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமானாலும், எந்தப் படிவமானாலும், எந்த மாத்திரை அட்டையானாலும், "பாப்பா, இது இன்னான்னு பாரு" என்று என்னிடம்தான் வரும்.

அப்பாவுக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு வீக்கம் இருந்தது. மூட்டை தூக்கும்போது வெளியே தள்ளும். படுத்தால் உள்ளே போய்விடும். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினார். ஒருநாள் வலி தாளாமல் பாதி வேலையில் திரும்பி வந்தார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். குடலிறக்கம், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் என்றால் கத்தி எடுக்கும் டாக்டரைத்தான் நாமெல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அதற்கு முன்பே எங்களை வேறொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் மயக்க மருந்து டாக்டர், ஒரு பெண்மணி. அவர் வயிற்று வீக்கத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவை வாயைத் திறக்கச் சொன்னார். கழுத்தை நிமிர்த்தச் சொன்னார். பல் ஆடுகிறதா என்று பார்த்தார். எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்று கேட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. வயிற்று ஆபரேஷனுக்குப் பல்லை ஏன் பார்க்கிறார்கள்? தேவைப்பட்டால் மூச்சுக் குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்த வேண்டியிருக்கும், அதற்கு வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து எவ்வளவு வளைகிறது, ஆடும் பல் உள்ளே விழுந்துவிடுமா என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்கிறார்கள் என்று பின்னர்தான் அறிந்தேன்.

பிறகு கேள்விகள் வந்தன.

"ஐயா, ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு தராங்கம்மா. வேற இல்ல."

நான் குறுக்கிட்டேன். "மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரை வாங்கிப் போடுவாரு டாக்டர். தினமும்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது மாத்திரையா பாப்பா? ஒடம்பு வலிக்குப் போடுறது" என்றார்.

"குடிப்பீங்களா?"

"எப்பனா..."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவை வைத்துக்கொண்டு மகள் என்ன சொல்வாள்? அவர் அதைப் புரிந்துகொண்டவர் போல, "வெளியே போய் இந்தச் சீட்டுல நம்பர் போட்டுட்டு வாம்மா" என்று என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது அப்பா உண்மையைச் சொல்லி முடித்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பீடியை அன்றிலிருந்தே நிறுத்தச் சொன்னார் டாக்டர்.

கடைசியாக அவர் சொன்னவை மூன்று. முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது. காலையில் பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் போட வேண்டும். யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சீட்டில் எழுதியும் கொடுத்தார். அதை வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சரி, சரி" என்றாள் அம்மா. என் கடமை முடிந்தது என்று நானும் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நாள் விடியற்காலை ஐந்தரை மணி. வார்டுக்கு வெளியே நடைபாதையில் படுத்திருந்த நான் கண்விழித்து உள்ளே சென்றபோது, அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டிலடியில் ஒரு காகிதக் கப். சட்டையில் பன் துகள். அம்மா சேலைத் தலைப்பில் எதையோ மறைத்தாள்.

"அம்மா, என்ன குடுத்தே?"

"ஒண்ணும் இல்லடி. மாத்திரை போடச் சொன்னாங்கல்ல? வெறும் வவுத்துல எப்டி மாத்திரை போடுறது? அதான் ஒரு டீயும் ஒரு பன்னும்..."

எனக்குத் திக்கென்றது. வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து வந்த சட்டம். டாக்டர் சொன்ன புதுச் சட்டத்தையும் பாட்டி சொன்ன பழைய சட்டத்தையும் அம்மா தன் அறிவுக்கு எட்டிய வரையில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறாள்! அன்பினால் செய்த காரியம். குற்றம் சொல்ல வாய் வரவில்லை.

எட்டே காலுக்குப் பச்சைத் துணி போர்த்தி, ஸ்ட்ரெச்சரில் அப்பாவைத் தியேட்டர் வாசலுக்குக் கொண்டு சென்றார்கள். அதே மயக்க மருந்து டாக்டர் வந்தார். அப்பாவின் பெயரைக் கேட்டார். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்டார். பிறகு, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்லம்மா" என்றார் அப்பா.

நண்பர்களே, அப்பா பொய் சொல்லவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. எங்கள் வீட்டில் 'சாப்பாடு' என்றால் சோறு. இட்லி தோசையே 'டிபன்' தான். டீயும் பன்னும் எங்கள் அகராதியில் எதிலும் சேராதவை. வேலைக்குப் போகும் வழியில் ஒரு டீயையும் பன்னையும் வயிற்றில் போட்டுக்கொண்டு, மதியம் ஒரு மணிக்கு, "இன்னும் சாப்புடலப்பா" என்று சொல்கிற மனிதர் அவர். மருத்துவமனையின் 'சாப்பாடு' வேறு, மாத்தூரின் 'சாப்பாடு' வேறு. இரண்டும் ஒரே சொல். அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லாதே என்பது அந்தப் பிடியின் பொருள். ஆபரேஷனுக்காக யார்டில் கெஞ்சி விடுப்பு வாங்கியிருந்தோம். கூலி வேலையில் விடுப்பு என்றால் வருமானம் இல்லை. இந்த நாளுக்காக ஒரு மாதம் அலைந்திருந்தோம். ஒரு டீக்காகவா எல்லாம் வீணாக வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. கதவு மூட ஒரு நிமிடம் இருக்கும்போது,

"டாக்டர், அஞ்சரை மணிக்குப் பால் டீயும் பன்னும் சாப்பிட்டாரு" என்றேன்.

ஸ்ட்ரெச்சர் நின்றது. டாக்டர் கோபப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அறுவை மருத்துவரிடம் போய்ப் பேசினார். திரும்பி வந்து, "இன்னைக்கு வேண்டாம். அஞ்சு நாள் கழிச்சு வாங்க. சொன்னியே, அது போதும்" என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்ததும் தொடங்கியது அர்ச்சனை. அம்மா பேசவே இல்லை. அதுதான் பெரிய தண்டனை. மாமா நேரடியாகவே கேட்டார்: "ரெண்டு எழுத்து படிச்சுட்டா டாக்டருக்கே சொல்லிக் குடுப்பியா? முதுகுலதானே ஊசி போடுறாங்க, டீக்கும் முதுகுக்கும் இன்னா சம்பந்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது. சாப்பிடக் கூடாது என்று சீட்டைப் படித்துக் காட்டிய நான், ஏன் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளவே இல்லை. காரணம் சொல்லாத கட்டளை அம்மாவின் அன்பின் முன் எப்படி நிற்கும்?

அந்த ஐந்து நாளில் எங்கள் கல்லூரி நூலகத்திலும், விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடமும், பிறகு அந்த மருத்துவரிடமும் கேட்டு அறிந்தவற்றை மாமாவுக்குச் சொன்ன அதே வரிசையில் இங்கும் சொல்கிறேன்.

நாம் விழித்திருக்கும்போது ஒரு பருக்கை புரையேறினாலும் இருமித் தள்ளிவிடுகிறோம். தொண்டைக்கு ஒரு காவல்காரன் இருக்கிறான். மயக்க மருந்து அந்தக் காவல்காரனையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்தால் அது நேராக நுரையீரலுக்குள் இறங்கும். உணவோடு வயிற்று அமிலமும் சேர்ந்து இறங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கையில் ஒரு துளி பட்டாலே ஆய்வுக்கூடத்தில் குழாயடிக்கு ஓடுகிறோமே, நுரையீரல் எங்கே ஓடும்? 1946-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மருத்துவர், பிரசவத்துக்கு மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு நேர்ந்த இந்த ஆபத்தை ஆராய்ந்து எழுதினார். தெளிந்த நீர் என்றால் இரண்டு மணி நேரம், பால் கலந்தவையும் இலேசான உணவும் என்றால் ஆறு மணி நேரம், எண்ணெயும் இறைச்சியும் என்றால் அதற்கும் மேல் இடைவெளி வேண்டும் என்பது இன்று மருத்துவர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. பாலில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் வயிற்றில் அது திட உணவு போலத் தங்குகிறது. ஆகவே ஒரு டம்ளர் பால் டீ தண்ணீர்க் கணக்கில் சேராது.

"முதுகு ஊசிதானே?" என்ற மாமாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. முதுகு ஊசி சில சமயம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். ஆபரேஷன் எதிர்பார்த்ததைவிட நீளலாம். பாதியில் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், அப்போது வயிற்றைக் காலி செய்ய நேரம் ஏது?

தேடத் தேட, நான் வாரந்தோறும் ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் இரண்டு புட்டிகளின் வரலாறும் வெளிவந்தது. ஒன்று ஈதர், மற்றொன்று குளோரோஃபார்ம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலியில்லாமல் ஓர் அறுவை நடக்கச் செய்தார். அதற்கு முன் ஆபரேஷன் என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, நோயாளி கதறக் கதற அறுப்பதுதான். அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். உலகமே கொண்டாடியது. ஆனால் மூன்று மாதம் முடிவதற்குள், 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகம் ஒன்றை எடுக்கக் கொடுத்த குளோரோஃபார்மில் சில நிமிடங்களில் இறந்துபோனாள். ஒரு நகம்! வலியைப் போக்கும் மருந்தே உயிரையும் போக்கலாம் என்பதை உலகம் அன்று அறிந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற மருத்துவர், நிஜாமின் பொருளுதவியோடு 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்களை நடத்தினார். முதலில் நிற்பது மூச்சு, இதயமன்று. ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அங்கே பயின்று குளோரோஃபார்ம் கொடுத்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருந்து மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். பெண்கள் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில், பிறர் உயிரின் மூச்சை எண்ணும் பொறுப்பில் ஒரு பெண் இருந்திருக்கிறார். ஐதராபாத்தின் முடிவு முழு உண்மையாக இருக்கவில்லை. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே குளோரோஃபார்ம் இதயத்தைத் திடீரென நிறுத்தக்கூடும் என்று 1911-இல் லண்டனில் குட்மன் லெவி என்பவர் காட்டினார். ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது, மூச்சையும் நாடியையும் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இப்படித்தான் பாடமாயிற்று. மயக்கம் தருவதற்குக் குளோரோஃபார்ம் இன்று பயன்படுவதில்லை. நம் ஆய்வுக்கூடத்தில் பழுப்புப் புட்டிக்குள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும் என்பதற்காகவே அந்தப் பழுப்பு நிறம்.

ஐந்தாம் நாள் மீண்டும் சென்றோம். இந்த முறை அம்மாவுக்குக் காரணத்தோடு சொல்லியிருந்தேன். முதல் நாள் இரவிலிருந்து அம்மா அப்பாவின் கட்டில் பக்கம் டீக்காரரையே அண்டவிடவில்லை. காலையில் ஒரு வாய்த் தண்ணீரை அவளே அளந்து கொடுத்தாள்!

தியேட்டருக்குள் நடந்ததை அப்பா சொல்லித்தான் அறிவேன். "மூணு தபா பேரு கேட்டாங்க பாப்பா. எந்தப் பக்கம்னு மூணு தபா கேட்டாங்க. இவங்களுக்கு ஞாபகமே இருக்காதான்னு நெனச்சேன்" என்றார். ஞாபகம் இல்லாமல் கேட்டதல்ல அது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று இடத்தில் நின்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆள் சரியா, இடம் சரியா, ஒவ்வாமை உண்டா, எண்ணி வைத்த பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா என்பவை அதில் அடங்கும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் முடிவு வெளியாயிற்று. புது மருந்து கண்டுபிடித்ததால் வந்த பலனன்று இது. கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னதால் வந்த பலன்.

முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்பாவுக்கும் அந்தப் பயம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழேதான் இறங்குகிறது என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற மருத்துவர் இந்த முறையை நோயாளிகளுக்குச் செய்து பார்த்ததோடு நில்லாமல், தானும் தன் உதவியாளரும் ஒருவர் மீது ஒருவர் சோதித்துக்கொண்டார்களாம். இருவருக்கும் பிறகு நாள்கணக்கில் தலைவலி. அந்தத் தலைவலி இன்றும் சிலருக்கு வருவதுண்டு. மெல்லிய ஊசிகள் வந்த பிறகு குறைந்துவிட்டது.

அப்பாவுக்குக் கொடுத்த மருந்து குளுக்கோஸ் சேர்த்துக் கனமாக்கப்பட்டது. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரைவிட அடர்த்தி அதிகம். ஆகவே புவியீர்ப்புக்கு ஏற்பக் கீழே தங்கும். நோயாளியைக் கிடத்தும் விதத்தைக் கொண்டே மருந்து எதுவரை ஏற வேண்டும் என்று டாக்டர் கட்டுப்படுத்துவாராம். முதலாண்டில் நாம் தூக்கக் கலக்கத்தோடு படித்த அடர்த்திப் பாடம் என் அப்பாவின் முதுகெலும்புக்குள் வேலை செய்திருக்கிறது! விரலில் மாட்டிய கருவியும் அப்படியே. கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு அறிமுகமான கருவிதான் அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே அனுப்பி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. நாம் நிறமானியில் பார்க்கும் பீர்-லாம்பர்ட் விதியே இதற்கு அடிப்படை. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி இதற்கு வழி கண்டார். உதடு நீலம் பாரிப்பதை மனிதக் கண் காண்பதற்கு முன்பே இக்கருவி மணியடித்துவிடும்.

"நான் முழிச்சினுதான் இருந்தேன். அந்த டாக்டரம்மா என் தல மாட்டுலயே குந்தினு இருந்தாங்க. எழுந்து போவவே இல்ல" என்று அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். முதுகு ஊசியில் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதை நொடிக்கு நொடி பார்த்து மருந்து ஏற்ற வேண்டும். வெட்டித் தைப்பவருக்கு நாம் நன்றி சொல்கிறோம், பழம் வாங்கிக் கொடுக்கிறோம். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரின் பெயரைக் கூட நாம் கேட்பதில்லை. வள்ளுவர் சொன்ன பக்கத்திலிருப்பவர் தியேட்டருக்கு வெளியே நானென்றால், உள்ளே அவர்.

வார்டுக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. கால் கட்டைவிரல் எப்போது அசைகிறது, சிறுநீர் எப்போது கழிகிறது, நடுக்கம் இருக்கிறதா, தலை கனக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துச் சொல்லும்படி சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்தார். முதல் முறை எழும்போது தலைசுற்றி விழக்கூடும்; ஆகவே தனியாக எழ விடாதே என்றார். மாலை ஐந்து மணியிருக்கும். போர்வை நுனியில் அப்பாவின் கட்டைவிரல் மெல்ல அசைந்தது. இருபத்தைந்து வருடம் மூட்டையோடு நடந்த கால் அது. "அம்மா, பாரு!" என்று கத்திவிட்டேன். அதுவரை ஐந்து நாளாக என்னிடம் சரியாகப் பேசாத அம்மா, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

இதை நம் கல்லூரி மலரில் எழுதக் காரணம் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் பகுதி, துறைமுகமும் ஆலையும் பட்டறையும் நிறைந்த பகுதி. பவர் பிரஸ்ஸில் விரல் போனவர், கன்டெய்னர் கதவில் கை நசுங்கியவர் நம் தெருவுக்கு ஒருவராவது உண்டு. நம் அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையில்தான் 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்.  கையில் ஆபரேஷன் என்றால் கழுத்தெலும்பின் அருகே ஊசி போட்டு, அந்தக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் விபத்தில் வருபவர் பட்டினியோடு வருவதில்லை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வருவார். சில சமயம் குடித்துவிட்டும் வருவார். அடிபட்ட அதிர்ச்சியில் வயிறு தன் வேலையை நிறுத்தி வைத்திருக்கும். அவருக்கு ஐந்து நாள் தவணை கொடுக்க முடியாது. வயிறு நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்ற முறையில் விரைந்து குழாய் செலுத்திக் காப்பாற்ற மருத்துவர்களுக்கு வழி தெரியும். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. கூட ஓடிவரும் உறவினர் வெட்கத்தினாலோ பயத்தினாலோ மறைக்கும் ஒரு சொல், அங்கே உயிரின் விலையாகிவிடும்.

நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டில் யாருக்கேனும் ஆபரேஷன் என்றால் நாம்தான் உடன் செல்வோம். படிவத்தில் நாம்தான் கையெழுத்திடுவோம். அப்போது சீட்டைப் படித்துக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். 'சாப்பிடக் கூடாது' என்றால் டீயும் கூடாது, பாலும் கூடாது, பிஸ்கட்டும் கூடாது என்று நம் வீட்டுச் சொல்லில் சொல்லுங்கள். ஏன் கூடாது என்றும் சொல்லுங்கள். தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, வலி மாத்திரை, பீடி, குடி, முன்பு ஏதேனும் ஊசியில் நேர்ந்த ஒவ்வாமை, கட்டிய பல் செட்டு ஆகிய எதையும் மறைக்காதீர்கள். மருத்துவர் கேட்பது நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று.

அப்பா இப்போது பழைய பாரம் தூக்குவதில்லை. யார்டிலேயே எண்ணிக்கை பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கூலி சற்றுக் குறைவு. பீடியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் குறைத்திருக்கிறார் என்பதே உண்மை. உண்மையைச் சொல்வதைப் பற்றி எழுதிவிட்டு இங்கே பொய் சொல்லக் கூடாதல்லவா?

சென்ற மாதம் எதிர்வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். முதல் நாள் மாலை அம்மா அவர்கள் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டிருந்த என் காதில் அவள் குரல் விழுந்தது.

"இங்க பாரும்மே, சாப்புடக் கூடாதுன்னா டீயும் சேத்திதான். மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணி போதும். மயக்க மருந்து டாக்டர் இன்னா கேட்டாலும் மறைக்காம சொல்லிடு. அவங்கதான் தல மாட்டுல குந்தினு பாத்துக்குவாங்க."

பள்ளிக்கூடமே போகாத என் தாய் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.